ஜீனோவும் எங்கள் லயத்துப் பாட்டியும்

பட்டர்வொர்த்தில் ரயிலேறி வடக்கே போனால், புக்கிட் மெர்தாஜம் தாண்டிச் சிறிது நேரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். தாசேக் கெலுகோர்! இன்று மின்சார ரயில் அங்கே நின்று போகிறது. நான் சொல்லப் போவது மின்சார ரயில் வராத காலத்துக் கதை. ஸ்டேஷனில் இறங்கி, செம்மண் சாலையில் அரை மணி நேரம் நடந்தால் எங்கள் தோட்டம். இப்போது அங்கே லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. செம்பனை நிற்கிறது.

அந்த லயத்து அஞ்சடியில் உட்கார்ந்துதான் நாங்கள் ஒரு விஞ்ஞானத் தொடர்கதையைப் படித்தோம். சண்டையும் சர்வாதிகாரமும் இயந்திர நாயும் நிறைந்த கதை. படித்தோம் என்று சொல்வதைவிடக் கேட்டோம் என்று சொல்வதே பொருத்தம். படிப்பது ஒருவர், கேட்பது பதினைந்து பேர். படிக்கும் வேலை என்னுடையது. அப்போது நான் இடைநிலைப் பள்ளி மாணவி. "பாப்பா, தண்ணி குடிச்சிட்டுப் படி, தொண்டை கட்டிக்கப் போவுது" என்று உபசாரம் வேறு நடக்கும்!

பத்திரிகை எங்களுக்கு எப்படி வந்து சேரும் தெரியுமா? தமிழ்நாட்டில் அச்சாகும் ஆனந்த விகடனும் குமுதமும் பினாங்கு மார்க்கெட் தெருக் கடைகளுக்கு வந்து சேர்வதற்குள் அங்கே அடுத்தடுத்த இதழ்கள் வெளியாகிவிட்டிருக்கும். கடையிலிருந்து கிராணியார் வீட்டுக்கு வரும். கிராணியார் அம்மா படித்து முடித்ததும் தமிழ்ப் பள்ளி வாத்தியார் வீட்டுக்குப் போகும். அங்கிருந்து மேட்டு லயம். கடைசியாக எங்கள் லயம். எங்களிடம் வரும்போது அட்டை இருக்காது. நடுப்பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். சில சமயம் மஞ்சள் வாசமும் வரும். ஆனாலும் என்ன? கதை கதைதானே! மதராஸில் இருப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்துவிட்ட திருப்பம் எங்களுக்கு அன்றைக்குத்தான் நடந்தது. நெஞ்சு படபடக்கத்தான் செய்தது.

கடாரத்துக்காரர்கள் யார் பக்கம்?

விஞ்ஞானக் கதைக்கு வருமுன் இன்னொரு கதையைச் சொல்லியாக வேண்டும். சாண்டில்யனின் 'கடல் புறா'! குமுதத்தில் தொடராக வந்து, பிறகு 3 பாகங்களாகப் புத்தகமாயிற்று. எங்கள் சித்தப்பாமார் தலைமுறை அதில் மூழ்கிக் கிடந்தது. கருணாகரத் தொண்டைமான் என்ற சோழப் படைத்தலைவன், கடல் புறா என்ற கப்பல், கடாரத்து இளவரசி காஞ்சனா தேவி. கேட்கவா வேண்டும்?

அதில் எங்களுக்கு மட்டும் ஒரு தனி ருசி இருந்தது. கடாரம் என்பது கெடா. எங்கள் தோட்டத்திலிருந்து மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா மாநிலம். வானம் தெளிந்த காலையில் பெரட்டுக்குப் போகும்போது வடக்கே குனோங் ஜெராய் மலை நீலமாகத் தெரியும். சுமார் 1,200 மீட்டர் உயரம். அந்தக் காலத்து மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் மண்ணைத் தோண்டிப் பழைய கோயில்களின் அடித்தளங்களை வெளியே கொண்டுவந்தார். முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது 1025-இல். சாண்டில்யன் கதை அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்திய காலத்தில், முதலாம் குலோத்துங்கன் இளைஞனாக இருந்தபோது நடக்கிறது.

எங்கள் சித்தப்பா ஒருவர் கதை படித்த சூட்டோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு மெர்போக் வரை போய் அந்தக் கற்களைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் காலை நொண்டிக்கொண்டு நடந்தார். "நம்ம படை வந்து இறங்கின எடம்டா!" என்று மார்தட்டினார்.

அப்போது எங்கள் லயத்து மூலைவீட்டுப் பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "ஏன்டா தம்பி, கடாரம்னா இந்த ஊருதானே? இங்க இருக்கறவன் நம்மளா, கப்பல்ல வந்து அடிச்சவன் நம்மளா?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்த வயதில் அது கிண்டலாகத்தான் பட்டது. யோசித்துப் பாருங்கள். தஞ்சாவூரில் இருந்துகொண்டு அந்தக் கதையைப் படிப்பவனுக்கு இப்படி ஒரு கேள்வி வருமா? போர்க்கதையைப் படிப்பவன் எந்த இடத்தில் நின்று படிக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் கதையே அமைகிறது போலும்.

சண்டை எங்கே, அக்கா?

1980-களின் நடுவில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' வந்தது. எழுதியவர் சுஜாதா. எங்கள் லயத்தில் பாதிப் பேர் சுஜாதா என்பவர் ஒரு பெண் என்றே நினைத்திருந்தார்கள்! "பொம்பளைக்கு எம்புட்டு அறிவு பாத்தியா!" என்று அம்மா பெருமைப்பட்டதை நான் கெடுக்க விரும்பவில்லை. உண்மையில் அவர் 1935-இல் பிறந்த ரங்கராஜன் என்ற என்ஜினியர். சுஜாதா என்பது அவருடைய மனைவியின் பெயர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை. இந்தியாவின் முப்படைகளுக்கும் ராடார் முதலிய கருவிகள் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. இந்தியத் தேர்தல்களில் பயன்படும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை அங்கே உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ராணுவத்துக்குக் கருவி செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர், கதையில் பீரங்கியை முன்னால் நிறுத்தவில்லை. ஒரு நாய்க்குட்டியை நிறுத்தினார்!

கதை நடப்பது 2021-ஐ ஒட்டிய காலத்தில். அப்போது எங்களுக்கு அது எட்டாத தொலைவு. இன்று அந்த ஆண்டும் வந்து போய்விட்டது. இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். பிள்ளை பெற வேண்டுமென்றால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். வயது முதிர்ந்தால் கணக்கை முடித்துவிடுவார்கள். நிலா என்ற இளம் மனைவிக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. சந்தோஷத்தில் இருக்கும்போதே அவளுடைய கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்பவன் வருகிறான். கூடவே ஜீனோ. ஜீனோ ஓர் இயந்திர நாய். பேசும், புத்தகம் படிக்கும், நக்கல் பண்ணும். பிறகு ஜீவாவுக்கு எதிரான சதி. முடிவை நான் சொல்லப் போவதில்லை. இன்னும் படிக்காதவர்கள் இருப்பீர்கள்.

தொடர் ஆரம்பித்த சில வாரங்களில் எங்கள் தோட்டத்துப் பையன்களெல்லாம் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். பந்து விளையாடும் இடத்தில் "ராமு, இங்க தள்ளு!", "மணி, அடி!" என்று எல்லாம் இரண்டெழுத்து. மூன்றெழுத்துப் பெயருடைய ஒருவனை ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்று அவன் அம்மாவிடம் புகார் போய், ஒரு மாலை முழுவதும் பஞ்சாயத்து!

ஆனால் பையன்களுக்கு ஒரு குறை. "என்னக்கா, எதிர்காலம்னு சொல்றாங்க, சண்டையே காணோமே! ராக்கெட்டு எங்க? குண்டு எங்க?" என்று என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தலைக்கு மேலேயே போர் விமானம் பறந்த ஊர் எங்களுடையது. பட்டர்வொர்த் விமானத் தளம் 1988 வரை ஆஸ்திரேலியர் பொறுப்பில் இருந்தது. அவர்களுடைய மிராஜ் விமானங்கள் தாழப் பறந்தால் லயத்துத் தகரக் கூரை நடுங்கும். தூளியில் கிடக்கும் பிள்ளை வீறிட்டு அழும். நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சத்தம் அடங்கும்வரை காத்திருப்பேன். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த பையனுக்கு, பேசிக்கொண்டே இருக்கும் ஒரு நாய்க்குட்டி எப்படிப் போதும்?

அவர்கள் கேட்ட வகைக் கதை உலகத்தில் இல்லாமல் இல்லை. 1871-இல் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகையில் 'டார்க்கிங் போர்' என்ற கதை வந்தது. எதிரிப் படை இங்கிலாந்தில் இறங்கி நாட்டையே பிடித்துவிடுவதாகக் கற்பனை. இனிமேல் வரப்போகும் போரைச் சொல்லும் கதைகளுக்கு அதுவே வழிகாட்டி. படித்தவர்கள் நிஜமாகவே கலங்கிப் போனார்கள். பிரதமர் கிளாட்ஸ்டனே மேடையில் நின்று "இப்படிப் பீதி கிளப்பாதீர்கள்" என்ற பொருளில் பேச வேண்டியதாயிற்று. எழுதிய ஜார்ஜ் செஸ்னி இந்தியாவில் வேலை பார்த்த ராணுவ என்ஜினியர். 1857-இல் டில்லி முற்றுகையில் பலமாகக் காயம்பட்டவர். இன்னொருவன் நாட்டைப் பிடிக்கப் போய்க் காயம்பட்டவர், தன் நாட்டை இன்னொருவன் பிடித்தால் எப்படி இருக்கும் என்று எழுதினார்! வேடிக்கைதான்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். 1959-இல் ராபர்ட் ஹைன்லைன் விண்வெளிச் சிப்பாய்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ராணுவ வாழ்க்கையை அதில் உயர்த்திப் பிடித்திருந்தார். பரிசும் கிடைத்தது, கண்டனமும் கிடைத்தது. வாசகர்கள் பல வருஷங்கள் அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். வியட்நாமுக்குப் போய்க் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்ட்மன் 1974-இல் முடிவே இல்லாத ஒரு விண்வெளிப் போரைப் பற்றி நாவல் எழுதினார். அதில் போரிலிருந்து வீடு திரும்பும் சிப்பாய்க்கு வீடே அடையாளம் தெரிவதில்லை. ஹைன்லைனுக்கு இது பதில் என்றே பலரும் படித்தார்கள். அந்த வியட்நாம் போரின் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் விடுமுறைக்குப் பினாங்கு வந்து போவார்கள் என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

வாசகர் நிறுத்திய கதை

வாசகர் கோபம் என்றால் என்ன என்பதைச் சுஜாதாவும் அனுபவித்தவர்தான். 1857 சிப்பாய்க் கலகத்தைப் பின்னணியாக வைத்து அவர் குமுதத்தில் 'கருப்பு சிவப்பு வெளுப்பு' என்றொரு தொடரை ஆரம்பித்தார். தொடக்க அத்தியாயங்களிலேயே, தங்கள் சமூகத்தை இழிவுபடுத்துவதாக ஒரு பகுதி வாசகர்கள் கொதித்து எழுந்தார்கள். மிரட்டல்வரை போயிற்று. தொடர் நின்றது! பிற்பாடு மாற்றங்களோடு, 'ரத்தம் ஒரே நிறம்' என்ற புதுப் பெயரில் அதே பத்திரிகையில் வந்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், மிரட்டுவது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சமயம் கோபம் வந்ததையும் என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. தன் பாட்டன் முப்பாட்டனைப் பற்றி அச்சில் வருவது ஒரே ஒரு வரிதான் என்றால், அந்த ஒரு வரி எப்படி இருக்கிறது என்று மனிதன் பார்க்கத்தானே செய்வான்? தோட்டத்து மக்களான நம்மைப் பற்றி எத்தனை கதைகளில் எத்தனை வரி வந்திருக்கிறது, அதில் எத்தனை வரியில் குடிகாரனாக வந்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

வாசகர் கதையை நிறுத்துவதுபோல, செத்தவனை எழுப்புவதும் உண்டு. இங்கிலாந்தில் கோனன் டாயில் தம்முடைய துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை 1893-இல் அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் சந்தாவை நிறுத்தினார்கள், திட்டிக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். அந்தப் பத்து வருஷத்தையும் வாசகர்கள் மன்னிக்கவில்லையாம்!

பெர்மிட் வேண்டும் பெண்கள்

சரி, எங்கள் அஞ்சடிக்குத் திரும்புவோம். பையன்கள் சண்டை தேடிய இடத்தில் பெண்கள் என்ன கண்டார்கள் தெரியுமா? பெர்மிட்டைக் கண்டார்கள்!

நிலாவுக்குப் பிள்ளை பெற அரசாங்க அனுமதி வந்த அத்தியாயத்தை நான் படித்தபோது ஒரே சிரிப்பு. காரணம் இருந்தது. 1984-இல்தான் நம் அரசாங்கம் மலேசிய மக்கள்தொகை 7 கோடியாக வேண்டும் என்று புதிய கொள்கையை அறிவித்திருந்தது. "அங்க பெத்துக்க பெர்மிட்டு, இங்க பெத்துக்கச் சொல்லி பெர்மிட்டு!" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. அதே அத்தியாயத்தைப் படித்த இந்திய வாசகருக்குச் சிரிப்பு வந்திருக்குமா? 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் அங்கே பல மாநிலங்களில் கட்டாயக் கருத்தடை நடந்தது. அந்த நினைவு ஆறியிருக்காது.

ஆனால் சிரித்த அதே பெண்கள் அடுத்த பக்கத்தில் மௌனமாகிவிட்டார்கள். கையில் அட்டை இல்லாவிட்டால் நீ யாரும் இல்லை என்கிற உலகம் அந்தக் கதையில் வருகிறது. அது எங்களுக்கு 2021 அல்ல. 1969! குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்த வருஷம். சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தோட்ட வேலையை இழந்தார்கள். முப்பது வருஷம் பால் வெட்டியவர்களும் ரஜூலா கப்பலில் ஏறி, பார்த்தே இராத ஊருக்குப் போனார்கள். அத்தையின் அண்ணன் குடும்பம் அப்படிப் போனதுதான். "ஒரு காயிதம்தானே பாப்பா! ஒரு காயிதம்!" என்று அத்தை அன்று சொன்னார். கதையைப் பற்றிச் சொன்னாரா, அண்ணனைப் பற்றிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நிலாவைப் பற்றிப் பெண்களுக்கு ஒரு விமர்சனமும் இருந்தது. "இம்புட்டு வெகுளியா ஒருத்தி இருப்பாளா? எடுத்த எடுப்பில யார் சொன்னாலும் நம்பிடறாளே!" நானும் அந்தக் கட்சிதான். சுஜாதாவின் நடையில் வேகம் உண்டு, குறும்பு உண்டு. ஆனால் நிலாவைவிட நாய்க்குட்டிக்குத்தான் அவர் அதிக மூளை கொடுத்தார் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அந்த மூளையைப் பற்றிப் பேச எங்கள் லயத்தில் ஓர் ஆள் இருந்தார். பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா. 1972 முதல் பாயான் லெப்பாஸில் வரிசையாக எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் வந்தன. பிறையிலும் வந்தன. பால்வெட்டுக்குப் போகவேண்டிய பெண்கள் விடியற்காலையில் பேக்டரி பஸ் ஏறினார்கள். அக்காவுக்கு மைக்ராஸ்கோப் வேலை. தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் குண்டூசித் தலையளவு சில்லின்மேல் ஒட்டவேண்டும். எட்டு மணி நேரம். கண் எரிச்சலோடுதான் வீட்டுக்கு வருவார்.

ஜீனோ முதல்முறை பேசிய அத்தியாயத்தில் எல்லாரும் வாயைப் பிளந்தோம். அக்கா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "இதுல என்ன அதிசயம்? அந்த நாய்க்கு மூளை வைக்கிறது நாங்கதானே!" என்றார். உண்மைதான்! மதராஸ் வாசகர் ஜீனோவை அதிசயப் பிராணியாகப் பார்த்தார். எங்கள் அக்கா அதைத் தன் கையால் செய்த பண்டமாகப் பார்த்தார்.

1985-இல் உலகச் சந்தையில் சில்லு வியாபாரம் சரிந்தது. பினாங்குத் தொழிற்சாலைகள் ஆளைக் குறைத்தன. அக்காவையும் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கதை கேட்க வந்தபோது, ஜீனோ மனிதர்களை எதிர்த்துப் பேசும் இடங்களில் மட்டும் அக்கா சிரிப்பார். "நல்லாப் பேசட்டும். பேசற மெஷின முதலாளி ரொம்ப நாளு வச்சிருக்க மாட்டான்" என்பார். தொடரில் பின்னால் ஜீனோவுக்கு என்ன ஆகிறது என்று படித்தவர்களுக்கு அக்கா சொன்னது எவ்வளவு சரி என்று தெரியும்.

பாட்டியின் ஒரே கேள்வி

கடைசியாகப் பாட்டி. எனக்குச் சொந்தப் பாட்டி இல்லை. லயத்துக்கே பாட்டி. ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்து ஓய்ந்தவர். அஞ்சடியின் கோடியில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கதையைக் கேட்கிறாரா, தூங்குகிறாரா என்றே தெரியாது. ரோபோவாவது, ஹோலோகிராமாவது! அவருக்கு எதுவும் புரியாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு நாள் நான் அத்தியாயத்தை முடித்து 'தொடரும்' என்று சொன்னதும் பாட்டி கேட்டார்: "ஏ புள்ள, அந்தப் பொண்ணோட புருசன் வந்துட்டானா?"

"இல்லை பாட்டி, இன்னும் வரலே."

"சரி."

அடுத்த வாரமும் அதே கேள்வி. அதற்கடுத்த வாரமும் அதேதான். பையன்கள் கிண்டல் செய்வார்கள். பாட்டி கண்டுகொள்ள மாட்டார். எழுந்து போய்விடுவார்.

அம்மாதான் ஒரு ராத்திரி எனக்குச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் பாட்டிக்கு இருபது வயசோ என்னவோ. கல்யாணமாகி ஒரு வருஷம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று தோட்டம் தோட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், சாப்பாடு உண்டு, சம்பளம் உண்டு என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். சயாம் பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் பணி முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர்கள் போனார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு இன்றுவரை இல்லை. தெற்கிலிருந்து ஆட்களை ஏற்றிய வண்டிகள் இந்தப் பாதை வழியாகத்தான் பாடாங் பெசார் போய் எல்லை தாண்டின. பாட்டியின் புருஷன் போன வண்டியும் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருக்கும். வந்த செய்தி எதுவுமில்லை. செத்தார் என்று ஒரு காகிதமும் இல்லை. பாட்டி தாலியைக் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நான் வேகமாகப் பதில் சொல்லியதே கிடையாது.

நிலாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், கணவன் இல்லை, கேட்டால் அதிகாரிகளிடம் பதில் இல்லை. இதைப் படித்த எத்தனையோ பேருக்கு அது எதிர்காலக் கற்பனை. பாட்டி அதை ஏற்கெனவே ஒருமுறை வாழ்ந்து முடித்தவர். பையன்கள் தேடிய சண்டை அந்தக் கதையில் முதல் அத்தியாயத்திலிருந்தே நடந்துகொண்டுதான் இருந்தது. அது நடந்த இடம் நிலாவின் வீடு. மிராஜ் விமானத்தைப் பார்த்துக் கைதட்டிய எங்களுக்கு அது கண்ணில் படவில்லை.

நாங்கள் அந்தத் தொடரை முழுதாகக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, நூல் வைத்துத் தைத்துப் புத்தகமாக்கும் வழக்கம் உண்டல்லவா? மேட்டு லயத்தில் யாரோ அப்படிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்களிடம் வந்த இதழ்களில் கதைப் பக்கம் மட்டும் இல்லை! கேட்டுப் பார்த்தோம், சண்டை பிடித்தோம். "தச்சு முடிச்சதும் தரோம்" என்றார்கள். தந்தார்கள், ஆனால் நடுவில் நான்கு வாரங்கள் இல்லை. சிபி என்ன ஆனான் என்பது அந்த நான்கு வாரங்களுக்குள் போய்விட்டது. நான் பின்னாளில் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்தபிறகுதான் புத்தகமாக வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சில காலம் கழித்து விகடனில் 'மீண்டும் ஜீனோ' ஆரம்பித்தது. தலைப்பைப் பாருங்கள். நிலா இல்லை, ரவி இல்லை, நாய்க்குட்டியின் பெயர்! யாரைப் பார்க்க வாசகர்கள் காத்திருந்தார்கள் என்று அதிலிருந்தே தெரியவில்லையா? பிறகு இந்த இயந்திரக் கதை தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. சுஜாதா 2008-இல் காலமானார். அவரும் எழுதிய 'எந்திரன்' படம் 2010-இல் வந்தபோது, தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்டரி அக்கா, இப்போது பேரன் எடுத்தவர், என் காதோரம் குனிந்து "நம்ம நாய்க்குட்டியோட அண்ணன்டி இவன்" என்றார்.

'மீண்டும் ஜீனோ' முதல் இதழ் எங்கள் லயத்துக்கு வந்த அன்று மழை. அஞ்சடியில் சாரல் அடித்தது. இருந்தும் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஜீனோ பெயரைக் கேட்டதும் பையன்கள் விசிலடித்தார்கள். நிலா இப்போது ராணி, அரியணையில் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் கயிற்றை இழுப்பவர்கள் வேறு ஆட்கள். நான் ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டு போனேன். அரண்மனை, காவல், அதிகாரம் என்று கதை எங்கெங்கோ போயிற்று.

படித்து முடித்தேன். மழையும் விட்டிருந்தது. ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டே எழுந்தார்கள். பாட்டி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலைத் தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு என்னருகே வந்தார்.

"ராணியாயிட்டாளா? ஆவட்டும். அவ புருசன் வந்துட்டானா புள்ள?"